பழைய பாய்மரப் படகுக்கு மாற்று என்ஜின்: இன்போர்டா, அவுட்போர்டா?

கேள்வி

வணக்கம். 1970களில் கட்டப்பட்ட கேட்டலினா 27 பாய்மரப் படகு ஒன்றை வைத்திருக்கிறேன். அதன் ஃபைபர்கிளாஸ் உடலில் குறை எதுவும் இல்லை. பாய்களும், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளும் அண்மையில் மாற்றப்பட்டவை. மிச்சமிருக்கும் கவலை என்ஜின் மட்டுமே. படகோடு வந்த அட்டாமிக் 4 பெட்ரோல் என்ஜின்தான் இன்றும் உள்ளே இருக்கிறது. குளிர்ந்த நிலையில் எளிதாகக் கிளம்பும் அந்த என்ஜின், சுமையோடு சிறிது நேரம் ஓடியதும் சூடேறத் தொடங்குகிறது. வேகத்தைக் குறைத்தால்தான் வெப்பமானியின் முள் இறங்குகிறது. கடல்நீரே நேரடியாக உள்ளே சுற்றிக் குளிர்விக்கும் அமைப்பு என்பதால், உப்பும் துருவும் நீர்ப்பாதைகளை அடைத்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

என் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அதே இடத்தில் 14 குதிரைத்திறன் அளவிலான சிறிய டீசல் இன்போர்டு (படகின் உள்ளே அமரும் என்ஜின்) ஒன்றைப் பொருத்துவது. மற்றொன்று, பழைய என்ஜினையும், புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டையும் முழுவதுமாக எடுத்துவிட்டு, உடலில் உள்ள துளைகளை அடைத்து, பின்பலகையில் (படகின் பின்பக்கச் சுவரில்) தாங்கி ஒன்றை அமைத்து அதில் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டை (வெளியே தொங்கும் என்ஜினை) மாட்டுவது. இதே வகைப் படகு அவுட்போர்டோடும் விற்கப்பட்டது என்பதால் இரண்டாவது வழியையும் என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. செலவில் இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பதை நான் அறிவேன். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க விரும்பவில்லை.

படகைக் கட்டி வைத்திருக்கும் இடம் ஓர் ஆற்றின் உட்பகுதி. கடலுக்குச் செல்ல முகத்துவாரத்தைக் கடந்தாக வேண்டும்; ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) வடியும் நேரத்தில் அங்கே நீரோட்டம் 3 நாட் (மணிக்கு 3 கடல் மைல்) வரை இருக்கும். பெரும்பாலும் கரையை ஒட்டி இரண்டு மூன்று நாள் பயணங்களே செல்கிறேன். மூன்று டன்னுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ள இந்தப் படகை அவுட்போர்டு ஒன்றால் நம்பத்தக்க வகையில் நகர்த்த முடியுமா? டீசல் மாற்றத்தை, கருவிகளைக் கையாளத் தெரிந்த உரிமையாளர் தாமே செய்துகொள்வது நடைமுறையில் இயலுமா? அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் 1

முதலில் தேவையான திறனைப் பார்த்துவிடலாம், ஏனெனில் பலரும் இங்கேதான் தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள். உங்கள் படகின் நீர்மட்டக்கோட்டின் நீளம் 21.75 அடி. அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் 6.25 நாட் அளவுக்கு வரும். இந்த வகை உடல் தன் அலையைத் தானே தாண்ட முடியாமல் நிற்கும் வேகம் அதுதான். அதற்கு மேல் எத்தனை குதிரைகளைப் பூட்டினாலும் எரிபொருள்தான் கூடுதலாக எரியும். டன்னுக்கு 4 குதிரைத்திறன் என்ற பழைய கணக்கின்படி 12 முதல் 14 வரை இருந்தால் உங்களுக்குப் போதும். அமைதியான நீரில் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டுகூட இந்தப் படகை 5 நாட்டுக்கு மேல் தள்ளிவிடும்.

ஆகவே ஆராய வேண்டியது குதிரைத்திறனை அன்று; அந்தத் திறன் எந்த நேரத்தில் நீரைச் சென்றடைகிறது என்பதையே. நீங்கள் சொல்லும் முகத்துவாரத்தை எண்ணிப் பாருங்கள். வடியும் நீர் 3 நாட் வேகத்தில் வெளியேறுகிறது; வெளியிலிருந்து வரும் அலை அதை எதிர்கொள்கிறது. எதிர்ப்படும் நீரோட்டத்தில் அலையின் நீளம் சுருங்கி உயரம் கூடுகிறது. குறுகிய, செங்குத்தான அலைகள் அடுத்தடுத்து வருகின்றன. படகின் அணியம் (முன்முனை) அலையின் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் பின்பக்கம் மேலே தூக்கப்படுகிறது. பின்பலகைக்கும் வெளியே தொங்கும் அவுட்போர்டின் புரொப்பல்லர் அந்த நொடியில் காற்றை உறிஞ்சிக்கொள்கிறது, என்ஜின் சுமையின்றி அலறுகிறது, உந்துவிசை அற்றுப்போகிறது. பின்பக்கம் மீண்டும் நீரில் அமர்ந்த பிறகும் அந்தக் காற்றுக்குமிழ் கலைந்து புரொப்பல்லர் நீரைப் பற்றிக்கொள்வதற்குச் சில நொடிகள் ஆகின்றன. அதற்குள் அடுத்த அலை வந்துவிடுகிறது. இன்போர்டின் புரொப்பல்லரோ உடலுக்கு அடியில், சுக்கானுக்கு முன்னால், நீர்மட்டத்திலிருந்து நன்றாகக் கீழே இருப்பதால், அதே அலைகளில் பெரும்பாலும் நீருக்குள்ளேயே இருந்து தள்ளிக்கொண்டே இருக்கும்.

எடை பற்றிய வாதத்தையும் கவனமாகப் பார்க்க வேண்டும். அவுட்போர்டு இலகுவானது என்பது உண்மைதான், 9.9 குதிரைத்திறன் உயர் உந்துவிசை வகை (பெரிய புரொப்பல்லரை மெதுவாகச் சுழற்றுவது) 50 கிலோவை ஒட்டியும், சிறிய டீசல் 100 கிலோவைத் தாண்டியும் இருக்கும். ஆனால் படகு முன்னும் பின்னும் ஊசலாடுவதில் எடையின் பங்கு, நடுவிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நடுவிலிருந்து 4 மீட்டர் பின்னால் தொங்கும் 50 கிலோவின் பங்கு 800 என்றால், 1.5 மீட்டர் தூரத்தில் தாழ்வாக அமர்ந்திருக்கும் 110 கிலோவின் பங்கு 250 கூட இல்லை. பாதி எடை கொண்ட என்ஜின் மூன்று மடங்கு ஊசலைத் தருகிறது. அந்த ஊசலே புரொப்பல்லரை நீரிலிருந்து வெளியே தூக்குகிறது.

உங்கள் பயன்பாட்டுக்கு டீசல் இன்போர்டைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

பதில் 2

மேலே எழுதியவரின் இயற்பியலோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் மறுபக்கத்தையும் பதிவு செய்வது நியாயம். ஒன்றரை டன் எடையுள்ள 24 அடிப் படகில் பல ஆண்டுகளாக அவுட்போர்டு வைத்திருக்கிறேன். அதை மாற்றும் எண்ணம் இல்லை. காரணம், நான் பயணம் செய்வது அலைகள் அதிகம் எழாத, கரையால் சூழப்பட்ட நீர்ப்பரப்பு. துறையிலிருந்து வெளியே வருவதற்கும், காற்று நின்றுபோன மாலையில் திரும்பி வருவதற்கும் மட்டுமே என்ஜின் தேவைப்படுகிறது. பாய் விரித்ததும் என்ஜினை நீரிலிருந்து முழுவதுமாகத் தூக்கிவிடுகிறேன். காற்று குறைவான நாளில், நிலையாகப் பொருத்தப்பட்ட மூன்று தகடு புரொப்பல்லர் படகின் வேகத்தை எவ்வளவு பிடித்து இழுக்கும் என்பதைப் பக்கத்தில் வரும் படகுகளைப் பார்த்தாலே தெரியும். பழுது என்றால் என்ஜினைக் கழற்றிப் பட்டறைக்கே கொண்டு போய்விடலாம். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போல்ட்டைத் தேட வேண்டியதில்லை. உடலில் ஷாஃப்ட் துளை இல்லை, கடல்நீர் உள்ளே வரும் வால்வு இல்லை, புகைக்குழாய் இல்லை. நீர் உள்ளே புகக்கூடிய வழிகள் எத்தனை குறைகின்றனவோ அத்தனை நிம்மதி.

நீங்கள் இவ்வழியில் செல்வதானால் சிலவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அவுட்போர்டின் ஷாஃப்ட் நீளம், அதாவது நீருக்குள் இறங்கும் காலின் நீளம், 15, 20, 25 அங்குலம் என மூன்று அளவுகளில் வருகிறது. பாய்மரப் படகுக்கு 25 அங்குலம்தான் தேவை. டொஹாட்சுவின் செயில் ப்ரோ, யமஹாவின் டி 9.9 போன்றவற்றை இந்தப் பயன்பாட்டை எண்ணியே உருவாக்கியிருக்கிறார்கள். இரண்டாவதில் கியர் விகிதம் கூடுதல், புரொப்பல்லரும் பெரியது. அடுத்து, பின்பலகை. தாங்கியின் மேல் போல்ட்டுகள் பின்பலகையை வெளிப்பக்கமாக இழுக்கும், கீழ் போல்ட்டுகள் உள்பக்கமாக அழுத்தும். அலையில் அந்த விசை பல மடங்காகும். போல்ட் துளைகளைத் தட்டிப் பார்த்து, உள்ளே மரப்பலகை நைந்திருந்தால் அதை முதலில் மாற்றிவிட்டு, உள்பக்கம் அகலமான தகடு வைத்து இறுக்க வேண்டும்.

பெட்ரோலை எங்கே வைப்பீர்கள் என்பதை இன்றே தீர்மானித்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சிந்திய சிறிதளவு பெட்ரோலும் ஆவியாகிப் படகின் அடிவயிறான பில்ஜில் போய்த் தேங்கி நிற்கும். டீசல் 52 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெட்ரோலுக்கு அந்த எல்லை உறைநிலைக்கும் 40 டிகிரி கீழே. ஆகவே பெட்ரோல் கலம் இருக்கும் பெட்டி, கேபினோடு எவ்விதத் தொடர்பும் இல்லாமல் அடைக்கப்பட்டு, அதன் அடியிலிருந்து படகுக்கு வெளியே காற்று வழியும்படி அமைந்திருக்க வேண்டும். காக்பிட் இருக்கைக்கு அடியில் உள்ள சாதாரணப் பெட்டிகளில் பல, பின்பக்கம் பில்ஜோடு திறந்தே இருக்கும் என்பதை மறவாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சுகின்றன. 25 அங்குல ஷாஃப்டும் உயர் உந்துவிசை கியரும் உள்ள அவுட்போர்டு, முகத்துவாரச் சிக்கலைத் தீர்த்துவிடாதா? அடுத்து, அட்டாமிக் 4 என்ஜினின் திறன் 30 குதிரைகள் என்று பெயர்த்தகட்டில் இருக்கும்போது, 14 குதிரை டீசலுக்கு மாறினால் படகின் வலு பாதியாகக் குறைந்துவிடாதா?

பதில் 3

பாய்மரப் படகுகளில் என்ஜின் மாற்றும் வேலையைத் தொழிலாகவே செய்து வருகிறேன். உங்கள் இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன். அட்டாமிக் 4 தன் 30 குதிரைத்திறனைத் தருவது நிமிடத்துக்கு 3500 சுழற்சி அளவில்தான். உங்கள் படகில் பெரும்பாலும் குறைப்பு கியர் இல்லாமல் என்ஜினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுழலும் அமைப்பு இருக்கும். அந்த அமைப்பில் புரொப்பல்லர் என்ஜினை 2000 சுழற்சியை ஒட்டியே நிறுத்திப் பிடித்துவிடும். அங்கே கிடைப்பது 15 குதிரைத்திறனுக்கும் குறைவு. புதிய டீசல் 3600 சுழற்சியில் ஓடி, 2:1 கியர் வழியாக 1800 சுழற்சியில் ஷாஃப்டைச் சுற்றும்போது தன் முழுத் திறனையும் நீருக்குக் கொடுத்துவிடும். ஆகவே தகட்டில் பாதியாகத் தெரிவது நீரில் ஏறக்குறைய அதே அளவுதான்.

முதல் ஐயத்துக்கு: உயர் உந்துவிசை கியர், அமைதியான நீரில் கனமான படகை நகர்த்துவதிலும், துறையில் பின்னோக்கிச் சென்று நிறுத்துவதிலும் தெளிவான முன்னேற்றம் தரும். நீண்ட ஷாஃப்ட், புரொப்பல்லர் வெளியே வரும் தருணங்களைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தாலும், பின்பலகை அரை மீட்டருக்கு மேல் தூக்கப்படும் அலையில் புரொப்பல்லரை நீருக்குள் வைத்திருக்க அவற்றால் இயலாது. ஓதம் தேங்கி நிற்கும் நேரத்தில் மட்டுமே முகத்துவாரத்தைக் கடப்பேன் என்று உறுதியாக இருப்பவருக்கு அவுட்போர்டு போதும். இருட்டும் முன் உள்ளே வந்தாக வேண்டிய நாளில் அந்த உறுதி நிற்குமா என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. அந்த என்ஜின் உண்மையிலேயே முடிந்துவிட்டதா? சூடாவது என்பது மாற்றியாக வேண்டும் என்பதற்கான சான்று அன்று. கடல்நீர் பம்பின் ரப்பர் சக்கரம், தெர்மோஸ்டாட், புகைக்குழாயில் நீர் கலக்கும் வளைவு ஆகியவற்றை முதலில் கழற்றிப் பாருங்கள். அந்த வளைவுக்குள் கரியும் உப்பும் சேர்ந்து, விரல் நுழையும் துளை பென்சில் அளவுக்குச் சுருங்கிப்போயிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். நீரும் புகையும் வெளியேற வழியில்லாமல் சுமை ஏறியதும் என்ஜின் சூடாகும், நீங்கள் சொல்லும் அறிகுறியும் அதுதான். பிறகு நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். வேறுபாடு 10 சதவீதத்துக்குள் இருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது என்று பொருள். நீர்ப்பாதைகளை நீர்த்த அமிலத்தால் கழுவி, வெப்ப மாற்றியோடு கூடிய நன்னீர்ச் சுற்றைச் சேர்த்தால், இந்த என்ஜின்கள் இன்னும் நெடுங்காலம் ஓடக்கூடியவை. 1947 முதல் 1980களின் நடுப்பகுதி வரை உற்பத்தியான வகை என்பதால் உதிரிபாகங்களும் கிடைக்கின்றன. எனினும், பெட்ரோல் ஆவி குறித்து மேலே எழுதப்பட்ட எச்சரிக்கை இதற்கும் முழுமையாகப் பொருந்தும்; கிளப்பும் முன் பில்ஜ் காற்றாடியைக் குறைந்தது 4 நிமிடம் ஓட்டுவதும், ஒருமுறை குனிந்து முகர்ந்து பார்ப்பதும் ஒருபோதும் விடக்கூடாத வழக்கங்கள்.

டீசலுக்கு மாறுவது என்று முடிவானால், உரிமையாளரே செய்யக்கூடிய வேலைதான். நேரத்தை எடுத்துக்கொள்வது என்ஜினை இறக்குவதன்று, அதைச் சுற்றியுள்ள அனைத்தையும் அதற்குப் பொருத்துவதுதான். புதிய என்ஜினுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே மூன்று அளவுகளை எடுங்கள்: என்ஜின் அமரும் இரு கட்டைகளின் நடுவிலிருந்து நடு வரையிலான அகலம், ஷாஃப்டின் நடுக்கோட்டிலிருந்து கட்டைகளின் மேற்பரப்பு எவ்வளவு மேலே அல்லது கீழே உள்ளது என்பது, ஷாஃப்டின் முனையிலிருந்து முன்னால் படிக்கட்டு வரை உள்ள இடம். தயாரிப்பாளர்கள் அளவு வரைபடங்களைத் தருகிறார்கள். அவற்றைக் கொண்டு அட்டையில் முழு அளவு மாதிரி ஒன்றை வெட்டி உள்ளே வைத்துப் பாருங்கள். எண்ணெய் அளவுக்குச்சியை உருவ இடம் இருக்கிறதா, கடல்நீர் பம்பின் மூடியைத் திறக்கக் கை போகிறதா என்பதெல்லாம் அட்டை மாதிரியிலேயே தெரிந்துவிடும். கட்டைகளைச் சுத்தியால் தட்டுங்கள். ஃபைபர்கிளாசுக்கு உள்ளே மரம் நைந்திருந்தால் மந்தமான ஒலி வரும். டீசலின் அதிர்வு நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினின் அதிர்வைவிடக் கடுமையானது. நைந்த கட்டை அதைத் தாங்காது.

எரிபொருள் தொட்டியையும் மறக்க வேண்டாம். டீசல் என்ஜின் இன்ஜெக்டர்களில் மிஞ்சும் எரிபொருளைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும்; பெட்ரோல் தொட்டியில் அதற்கான இணைப்பு இருக்காது. பழைய தொட்டியைக் கழுவித் திருத்துவதைவிடப் புதியதை வைப்பதே நலம். புகைக்குழாயின் விட்டம் புதிய என்ஜினின் கையேட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். நீர் கலக்கும் இடம் நீர்மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருந்தால், குளிர்விப்பு நீர்க்குழாயை உயரத் தூக்கி, உச்சியில் காற்று வால்வு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நின்றிருக்கும் என்ஜினுக்குள் கடல்நீர் தானாகவே உறிஞ்சப்பட்டுச் சிலிண்டரை நிரப்பிவிடும். இதேபோல் சிலிண்டருக்குள் நீர் புகாமலிருக்க, கிளம்ப மறுக்கும் என்ஜினை நீண்ட நேரம் ஸ்டார்ட்டரால் சுற்ற நேர்ந்தால், கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுற்றுங்கள், கிளம்பியவுடன் திறந்துவிடுங்கள்.

பதில் 4

மின்மோட்டாரைப் பற்றி யாரும் எழுதவில்லை. துறையிலிருந்து வெளியே வந்து பாய் விரிக்கும் அளவுக்கே என்ஜின் வேண்டியவர்களுக்கு அது சிறந்த தேர்வு. பராமரிப்பும் மிகக் குறைவு. ஆனால் ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. அதில் 30 சதவீதமே ஷாஃப்டுக்கு வந்தாலும் 20 லிட்டர் டீசல் 60 கிலோவாட் மணிக்குச் சமம். அந்த அளவு மின்கலத்தை 27 அடிப் படகில் வைக்க இடமில்லை. நீரோட்டத்தை எதிர்த்து மணிக்கணக்கில் ஓட்ட நேரக்கூடிய உங்களுக்கு இது பொருந்தாது என்பதே என் கருத்து.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அவுட்போர்டு எண்ணத்தைக் கைவிடுகிறேன். எனக்கு என்ஜின் மிகவும் தேவைப்படும் இடமும் அது கைவிடும் இடமும் ஒன்றாகவே இருப்பது இப்போது தெளிவாகிறது. முதலில் புகைக்குழாய் வளைவையும் சிலிண்டர் அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, அழுத்தம் சரியில்லையென்றால் டீசலுக்குப் போகிறேன். அப்படி மாறும்போது இப்போதுள்ள ஷாஃப்டையும் புரொப்பல்லரையும் அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பதில் 3

புரொப்பல்லரை வைத்துக்கொள்ள முடியாது. குறைப்பு கியர் இல்லாத அட்டாமிக் 4 இடப்பக்கம் சுழலும் புரொப்பல்லரைப் பயன்படுத்துகிறது. இன்றைய சிறிய டீசல்கள் பெரும்பாலும் வலப்பக்கம் சுழலும் புரொப்பல்லருக்கானவை. புதியதன் விட்டத்தைத் தீர்மானிக்கும் முன், ஷாஃப்டின் நடுவிலிருந்து உடலின் அடிப்பகுதி வரை உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். தகட்டின் நுனிக்கும் உடலுக்கும் இடையே விட்டத்தில் 10 முதல் 15 சதவீதம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தகடும் கடக்கும்போது உடலில் அடிக்கும் அதிர்வைக் கேபினில் உணர்வீர்கள். 2.6:1 கியர் பெரிய புரொப்பல்லரைக் கேட்கும். உங்கள் படகில் அதற்கு இடமில்லையென்றால் 2:1 கியரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மடங்கும் வகைப் புரொப்பல்லரை வாங்க இதுவே தக்க தருணம். பாயில் செல்லும்போது ஏற்படும் இழுவை பற்றி மேலே சொல்லப்பட்ட குறை அதனால் பெருமளவு நீங்கிவிடும்.

சுழற்சித் திசை மாறுவதால் துறையில் உங்கள் பழக்கமும் மாற வேண்டும். இதுவரை பின்னோக்கிச் செல்லும்போது படகின் பின்பக்கம் வலப்புறம் ஒதுங்கியிருக்கும். இனி இடப்புறம் ஒதுங்கும். நெருக்கமான இடத்துக்குள் நுழையும் முன், திறந்த நீரில் அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

ஷாஃப்டை, தாங்கு ரப்பர் உள்ள இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். நகத்தில் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தாங்கு ரப்பரையும் நீர்க்கசிவைத் தடுக்கும் அடைப்பையும் எப்படியும் புதிதாகப் போடுங்கள், ஏனெனில் என்ஜின் வெளியே இருக்கும்போது அவற்றை எட்டுவது போல் வேறெப்போதும் எட்ட முடியாது. என்ஜினையும் ஷாஃப்டையும் நேர்ப்படுத்தும் இறுதி வேலையைக் கரையில் செய்யாதீர்கள். தாங்கிகளின் மேல் நிற்கும்போது படகின் உடல் சற்றே வளைந்திருக்கும். நீரில் இறக்கி ஓரிரு நாள் மிதக்கவிட்ட பிறகு, இணைப்புத் தட்டுகளின் நான்கு பக்கமும் இடைவெளி அளவியை நுழைத்துப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டுக்கு, மிகப் பெரிய இடைவெளிக்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வேறுபாடு 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. புதிய ரப்பர் தாங்கிகள் எடையில் சற்று அமிழ்ந்துவிடும் என்பதால், சில மணி நேரம் ஓட்டியபின் அதே அளவை மறுபடியும் எடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.